123456789-ஐக் கையாலேயே காரணிப்படுத்த வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறை கணக்கு:
தமிழ் வழி, மலையாள வழி ரெண்டு பக்கத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் கணித மன்றம் இது. பலகையில் பேச்சு குறைவா, எண் அதிகமா இருந்தா நல்லது. 123456789-ன் பகாக் காரணிகளைக் கால்குலேட்டர் இல்லாம எடுக்கணும். இலக்கங்களின் கூடுதல் 45, அதனால 9 போகும். ஈவு 13717421. அதுக்கு மேல 7, 11, 13, 17-னு வகுத்துட்டே போனா மணி அடிச்சுரும். குறுக்கு வழி இருக்குங்களா?

வாளையார்க்காரன்:
இருக்குங்க. முதல்ல 27 போகுமான்னு பார்த்துருங்க, பிள்ளைங்க கட்டாயம் கேப்பாங்க. இலக்கக் கூடுதல் 3-க்கும் 9-க்கும்தான் செல்லும், 27-க்குச் செல்லாது. 999 = 27 × 37 என்பதால மூணு மூணு இலக்கமாப் பிரிச்சுக் கூட்டணும்: 123 + 456 + 789 = 1368. 27-ஆல வகுத்தா மீதி 18. 37-ஆல வகுத்தா மீதி 36. ரெண்டும் போகாது.

இனி 13717421-க்கு ஃபெர்மா முறை. எண்ணை அ² − ஆ² என்று எழுத முடிஞ்சா காரணிகள் (அ − ஆ), (அ + ஆ). வர்க்கமூலம் 3703-ஐத் தாண்டும், 3704-ஐத் தொடாது. 3704-ல தொடங்குங்க, 3703-ல தொடங்கினா கழிக்கும்போது குறை எண் வந்து பிள்ளைங்க முழிப்பாங்க.

3704² = 13719616. கழிச்சா 2195. 5-ல முடியற வர்க்கம் 25-லதான் முடியும், அதனால இது வர்க்கம் இல்ல.
3705² = 13727025. கழிச்சா 9604. அது 98².

3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. ரெண்டே படி. வகுத்துத் தேடியிருந்தா 3607-ஐத் தொட 500 பகா எண்ணுக்கு மேல கடக்கணும்.

கோபாலபுரம் டியூஷன்:
அங்கேயே நிறுத்தக் கூடாதுங்க, ரெண்டும் பகா எண்ணுதான்னு காட்டணும். 3607-க்கு 59 வரை, 3803-க்கு 61 வரை பகா எண்களால வகுத்தாப் போதும். 1001 = 7 × 11 × 13 என்பதால அந்த மூணையும் ஒரே கழித்தலில் பார்க்கலாம்: 607 − 3 = 604, 803 − 3 = 800. இதுல எதையும் 7, 11, 13 வகுக்காது. மிச்சத்தைப் பிள்ளைங்களுக்கே பங்கு போட்டுக் கொடுங்க.
விடை 3² × 3607 × 3803. வகு எண்கள் 3 × 2 × 2 = 12.

கொழிஞ்சாம்பாறை கணக்கு:
ரொம்ப நன்றிங்க. அடுத்த வாரம் 987654321-ஐ இதே முறையில் கொடுக்கலாமா?

வாளையார்க்காரன்:
வேண்டாங்க, மாட்டிக்குவீங்க. அது 3² × 17² × 379721. காரணிகள் வர்க்கமூலத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் ஃபெர்மா முறை ஓடும். 9-ஐ எடுத்த பிறகு 10476-ல தொடங்கினா 190005-லதான் விடை கிடைக்கும். அதாவது 1,79,530 படி! 17-ஆல ரெண்டு தடவை வகுக்கறது எவ்வளவோ மேல். ஆனா 379721 பகா எண்ணுன்னு காட்ட 613 வரை போகணும், எட்டாம் வகுப்புக்கு அது தண்டனை.
அதுக்குப் பதிலா ரெண்டு எண்ணுக்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) கேளுங்க. 987654321 = 8 × 123456789 + 9. மீதி 9 சின்ன எண்ணையும் வகுத்துரும், மீ.பொ.வ. 9.