லிட்டரில் வரும் ‘இடப்பெயர்ச்சி’க்கு வேறு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கோபியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேற்று ஒரு செய்முறை காட்டினேன். விளிம்புவரை நீர் நிறைந்த போசியில் அம்மிக் குழவியை மெல்ல இறக்கி, கீழே வைத்திருந்த தட்டில் வழிந்த நீரை அளந்தோம். ஒன்றரை லிட்டர், அதாவது 1500 கன செ.மீ. கருங்கல்லின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம். பெருக்கினால் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். தராசைத் தொடவே இல்லை.

அப்படிப் பொருள் தள்ளிய நீரைக் குறிக்கக் கரும்பலகையில் ‘இடப்பெயர்ச்சி’ (displacement) என்று எழுதினேன். “அது மீட்டர்லதானுங்களே டீச்சர் வரும், லிட்டர் எப்படி வந்துதுங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பொருள் இடம் மாறுவதைக் குறிக்க இயக்கவியலுக்குக் கொடுத்த சொல்லை இங்கேயும் இழுத்தது நம் தவறு. ‘வெளியேறிய நீர்’ என்றாலும் பொருந்தாது: அளவுசாடியில் கூழாங்கல்லைப் போட்டால் மட்டம் ஏறுமே தவிர ஒரு சொட்டும் வெளியேறாது. ‘வழிநீர்’ என்பதற்கும் அதே குறை. ‘விலக்கம்’ ஏற்கெனவே புள்ளியியலில் இருக்கிறது. ஆகவே ‘ஒதுக்குநீர்’ என்று முன்வைக்கிறேன்.

மறுமொழி:

டீச்சர், நான் கோவையில் பவுண்டரி (உலோக வார்ப்பு) வேலையில் இருக்கிறேன். எங்களுக்கும் இந்தச் சொல் தேவைதானுங்க. உள்ளே பொள்ளல் இல்லாத பாகமென்றால், மரப் பேட்டர்னை (வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரியை) நீரில் முழுக்க அமுக்கிப் பார்க்கலாம். 2 லிட்டர் வழிந்தால், வார்ப்பிரும்பின் அடர்த்தியான லிட்டருக்கு 7.2 கிலோவால் பெருக்கி, பாகம் 14.4 கிலோ வருமென்று வார்ப்பதற்கு முன்பே கணக்குப் போடலாம். ரன்னர் (உருகிய இரும்பு அச்சுக்குள் ஓடும் வாய்க்கால்), ரைசர் (இரும்பு இறுகிச் சுருங்கும்போது ஈடுகட்டும் தேக்கம்) இவற்றுக்கு உருக்குவது தனி. அமுக்காமல் மிதக்க விட்டால், வழியும் நீரின் எடை மரத்தின் எடைக்குச் சமமாகிவிடும், பருமன் கிடைக்காது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் ‘ஒதுக்கு’ வேண்டாங்க. நம்மூரில் ஆளை ஒதுக்கிவைத்த கதை எத்தனை கேட்டிருக்கிறோம்! பாடத்தில் அந்த ஒலி வர வேண்டுமா? நீர் தானே நகர்ந்து கல்லுக்கு இடம் விடுகிறது. ‘ஒதுங்குநீர்’ என்று வைக்கலாமே.

மறுமொழி:

அண்ணா, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ‘ஒதுங்குநீர்’ என்பதே சரி. வழிந்தாலும் மட்டம் ஏறினாலும் பொருந்துகிறது. மிதக்கும் பொருளுக்கு ‘ஒதுங்குநீரின் எடை’ என்றும், முழுகியதற்கு ‘ஒதுங்குநீரின் பருமன்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். நாளை கரும்பலகையில் இப்படி எழுதப் போகிறேன்:

குழவியின் நிறை = ஒதுங்குநீரின் பருமன் × கல்லின் அடர்த்தி.