போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்): மழை நாள்ல மட்டும் கனெக்‌ஷன் நிரம்பிடுது. யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு பார்ப்பது எப்படி?

இலைக்கணக்கு:
கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு சர்வர் பார்த்துக்கிறேன். கட்டபெட்டு, நெடுகுளா, சோலூர்மட்டம்னு இலை எடை போடுற இடத்துல எல்லாம் டேப்லெட். எடை நேரா ஆஃபீஸ் டேட்டாபேஸ்ல ஏறும். மேகம் இறங்கி, கரண்ட் போய், டவர் விட்டு விட்டு வந்தா போதும், மத்தியானத்துக்குள்ள “மிச்ச இடம் சூப்பர்யூசருக்கு”ன்னு (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) எரர். மூட்டையோட ஆளுங்க நிக்கிறாங்க. டேப்லெட் இருபதுகூட இல்ல! மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை (ஒரே நேரத்துல எத்தனை பேர் இணையலாம்ங்கிற வரம்பு) 100லேர்ந்து 300 ஆக்கிடலாமா?

குன்னூர்_டிபிஏ:
வேண்டாங்க, 300ம் நிரம்பும். 100ல 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கினது, அதான் 97லயே எரர். போஸ்ட்கிரஸ் யூசரா (அதான் சூப்பர்யூசர்) உள்ள போய், யார் யார் இணைஞ்சிருக்காங்கன்னு காட்டுற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்க. பேக்எண்ட்_டைப் ‘கிளையண்ட் பேக்எண்ட்’னு (வெளியிலேர்ந்து வந்த இணைப்பு மட்டும்) வடிகட்டுங்க, இல்லாட்டி ஆட்டோவாக்குவம் மாதிரி உள்வேலையும் எண்ணிக்கையில சேரும். ஸ்டேட் (இப்போதைய நிலை), ஸ்டேட்_சேஞ்ச் (நிலை கடைசியா மாறின நேரம்), client_addr (எந்த ஐபிலேர்ந்து) மூணும் முக்கியம்.

இலைக்கணக்கு:
பார்த்தேன் அண்ணா. முக்கால்வாசி ‘ஐடில்’ (சும்மா இருக்கு), ஒரு மணி நேரத்துக்கு மேல அசைவே இல்ல. ஆனா ஐபி எல்லாம் ஒண்ணு ரெண்டுதான், எது எந்த ஊருன்னே தெரியல.

குன்னூர்_டிபிஏ:
சிம் கார்டு நெட்ல அப்படித்தான், பல பேருக்கு ஒரே ஐபி. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல அப்ளிகேஷன்_நேம்னு ஊர்ப் பேரைப் போட்டுடுங்க, வரிசையிலேயே தெரியும்.

உங்க ‘ஐடில்’ எல்லாம் பேய்க் கனெக்‌ஷன். சிக்னல் போனப்ப டேப்லெட் ‘போறேன்’னு சொல்லாமப் போயிடுச்சு, திரும்பி வந்ததும் புதுசா ஒண்ணு திறக்குது. பழசு செத்தது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸ்ல சும்மா விட்டா கீப்அலைவ் (எதிர்முனை உயிரோட இருக்கான்னு தட்டிப் பார்க்கிறது) 7200 செகண்ட் கழிச்சுத்தான் முதல் தட்டு தட்டும், அப்புறம் 75 செகண்டுக்கு ஒண்ணா 9 தட்டு. ஒவ்வொரு பேயும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல குடியிருக்கும். டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் 60, இன்டர்வல் 10, கவுண்ட் 6 வைங்க. ரீலோடு போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். இப்ப நிக்கிறதை பிஜி_டெர்மினேட்_பேக்எண்டால தள்ளுங்க.

ஊட்டி_நெட்வொர்க்:
டேப்லெட்லேர்ந்து நேரா டேட்டாபேஸா? பாஸ்வேர்டும் அதுலயேதானே! நடுவுல ஒரு ஏபிஐ (டேப்லெட் கேட்கிறதை வாங்கி டேட்டாபேஸ்கிட்ட பேசுற புரோகிராம்) வைங்க சாமி.

இலைக்கணக்கு:
ஏபிஐ அடுத்த சீசனுக்குள்ள வெச்சிடுறேன். கீப்அலைவ் மாத்தியாச்சு. இன்னிக்கும் கட்டபெட்டுல கரண்ட் இல்ல, கனெக்‌ஷன் முப்பதைத் தாண்டல. ஒண்ணு மட்டும் ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’னு (டிரான்ஸாக்‌ஷனை ஆரம்பிச்சு, முடிக்காம சும்மா இருக்கிறது) காலையிலேர்ந்து நிக்குது, ஆஃபீஸ் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர். தள்ளலாமா?

குன்னூர்_டிபிஏ:
அவங்க பாதி என்ட்ரியில இருக்கலாம். முதல்ல போன் பண்ணிக் கேளுங்க.