1914: போரை மூட்டியவை கூட்டணிகள்தாமா?

கேள்வி:
1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவருடைய மனைவி சோபியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடனே, ஒப்பந்தங்களால் பிணைக்கப்பட்டிருந்த வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போரில் இறங்கின என்றே படித்திருக்கிறோம். ஆனால் 1882 முதல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் முக்கூட்டில் இருந்த இத்தாலி, 1914இல் ஒதுங்கி நின்று, அடுத்த ஆண்டு மே மாதத்தில் எதிரணியில் சேர்ந்துகொண்டது. அந்நாட்டால் விலக முடிந்ததென்றால், மற்றவர்கள் மட்டும் வேறு வழியின்றிப் போரிட்டார்கள் என்பதை எப்படி ஏற்பது?

பதில் 1:
தங்கள் ஐயம் நியாயமானது. முக்கூட்டு உடன்படிக்கை தற்காப்புக்கானது. உறுப்பு நாடு தாக்கப்பட்டால்தான் மற்றவை துணைக்கு வர வேண்டும். கொலைக்குச் செர்பியாவைக் குற்றம் சாட்டி ஆஸ்திரியாவே அதைத் தாக்கியதால் தனக்குக் கடமையில்லை என்று இத்தாலி வாதிட்டது, சட்டப்படி அது சரியும்கூட. அதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்துப் பாருங்கள். ரஷ்யாவுக்குச் செர்பியாவோடு முறையான இராணுவ ஒப்பந்தம் எதுவும் இல்லை. 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் பிரிட்டன் செய்துகொண்டவை எகிப்து, மொராக்கோ, பாரசீகம் முதலான இடங்களைப் பற்றிய தகராறுகளைத் தீர்த்த இணக்கங்களே அன்றி, போர்க் கூட்டணிகள் அல்ல. 1879ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ரஷ்யா தாக்கினால்தான் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு உதவ வேண்டும். ஆனால் செர்பியா விஷயத்தில் என்ன செய்தாலும் துணை நிற்பதாக, 1914 ஜூலை 5 அன்று ஜெர்மன் பேரரசரான கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஆஸ்திரியத் தூதரிடம் வாக்களித்தார். அது ஒப்பந்தம் கேட்டதற்கு மேலே போய்க் கொடுத்த வாக்கு.

பதில் 2:
கூட்டணிகளைவிடப் படைதிரட்டும் திட்டங்களையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். மற்ற நாடுகள் படைகளைத் திரட்டி எல்லையில் நிறுத்திவிட்டுப் பேச்சைத் தொடர முடியும். ஜெர்மனியால் அது முடியாது. ரஷ்யா முழுமையாகத் திரளுமுன் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பதால், முதல் சில நாட்களுக்குள்ளேயே பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைப் பிடித்தாக வேண்டும் என்று அதன் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஜூலை 30 அன்று ரஷ்யப் பேரரசர் ஜார் நிக்கலஸ் பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டதும் (முந்தைய இரவுதான் கைசரின் தந்தியைக் கண்டு அதே ஆணையை நிறுத்தி வைத்திருந்தார்), பெர்லினில் நேரம் மணிக்கணக்கில் எண்ணப்படலாயிற்று.

ஆகஸ்ட் 1 மாலை நடந்தது இன்னும் விசித்திரம். பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் நடுநிலை வகிக்கக்கூடும் என்று லண்டனிலிருந்து ஒரு செய்தி வரவே, மகிழ்ந்துபோன கைசர், முழுப் படையையும் கிழக்கே திருப்பச் சொன்னார். லட்சக்கணக்கான வீரர்களின் ரயில் ஏற்பாட்டைத் திடீரென்று மாற்ற இயலாது என்று தலைமைத் தளபதி மோல்ட்கே மறுத்தார். கிழக்கு முனைக்கென்று இருந்த தனித் திட்டம் 1913இலேயே கைவிடப்பட்டிருந்தது. உங்கள் பெரியப்பாவாக இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார் என்று கைசர் குத்திக் காட்டினார். அந்தப் பெரியவர் 1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்சை வென்ற மூத்த மோல்ட்கே. லண்டன் செய்தியே தவறான புரிதல் என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதியளித்த 1839ஆம் ஆண்டு உடன்படிக்கையை மேற்கோள் காட்டிப் பிரிட்டனும் போரில் இறங்கியது.

பதில் 3:
ரயில் அட்டவணைகளின் மீது பழியைப் போட்டால், முடிவெடுத்த மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள். கொலைக்கும் செர்பியாவுக்கு ஆஸ்திரியா விடுத்த இறுதி எச்சரிக்கைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா என்ன செய்தது? தொடக்கத்தில் போரை எதிர்த்த ஹங்கேரியப் பிரதமர் திஸாவை இணங்க வைத்தது. ரஷ்யாவுக்கு வந்திருந்த பிரெஞ்சு அதிபர் புவான்காரே கப்பலேறும்வரை, ரஷ்யாவும் பிரான்சும் கூடிப் பேசிவிடக் கூடாதென்று காத்திருந்தது. ஜூலை 23 அன்று 48 மணி நேரக் கெடுவோடு எச்சரிக்கை தரப்பட்டது. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கி, தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் பங்கேற்பதை மட்டும் தெளிவாக மறுத்தது. ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படித்த கைசரே, இனிப் போருக்குக் காரணமில்லை என்று குறிப்பெழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி மூலம் போரை அறிவித்துவிட்டது.