கேபிளில் காசைக் கொட்ட வேண்டாம்: கேம் கன்சோலுக்கு டிவி தேடும் புதியவர்களுக்கு

நாடு மாறி வந்து, வீடு பிடித்து, வேலை கொஞ்சம் நிலைப்பட்டதும் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) அல்லது எக்ஸ்பாக்ஸ் வாங்கும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "படம் வெளிறித் தெரிகிறது, எந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாம்?" நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். கன்சோல் பெட்டியிலேயே வந்த கேபிளை மாட்டுங்கள், அப்புறம் டிவியின் மெனுவைத் திறங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் என் டிவியில் இரவுக் காட்சி எல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும். கடையில் சொன்னார்கள் என்று தங்க முலாம் பூசிய, விரல் தடிமனான ஒரு கேபிளை வாங்கி வந்து மாட்டினேன். இம்மியளவும் மாறவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. வெளிச்சத்தைக் குறிக்கும் எண்களில், என் கன்சோல் கறுப்பை 16 என்ற எண்ணிலிருந்து தொடங்கி அனுப்பிக்கொண்டிருந்தது. டிவியோ 0 தான் கறுப்பு என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் கறுப்பாக இருக்க வேண்டியது எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினேன், அந்த நொடியே கறுப்பு கறுப்பானது. பிஎஸ் 5-இல் இது 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்ற பெயரில் இருக்கும். டிவியில் 'பிளாக் லெவல்' என்று தேடுங்கள்.

எச்டிஎம்ஐ வழியாகப் போவது வெறும் எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் உள்ளது உள்ளபடி வரும். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது ஓரிரு நொடி கறுத்துவிட்டுத் திரும்ப வரும், அல்லது படமே வராது. நிறம் மங்குவதற்கும் கறுப்பு வெளிறுவதற்கும் கேபிள் காரணமே இல்லை. விலை கூடிய கேபிள் நிறத்தைக் கூட்டிக் கொடுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் கேபிளின் கொள்ளளவு முக்கியம். 4கே படம் (3840x2160 புள்ளிகள்) நொடிக்கு 60 முறை வர, நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் போதும். அது 'பிரீமியம் ஹை ஸ்பீட்' வகை. 4கே-யில் 120 முறை வேண்டும் என்றால் 48 ஜிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' வேண்டும். பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டின் பெட்டியிலும் இந்த இரண்டாவது வகைதான் வருகிறது. பெட்டியில் வந்தது நாடு மாறுகிற அவசரத்தில் தொலைந்துபோயிருந்தால், புதிது வாங்கும்போது 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்று முத்திரையும் அதோடு க்யூஆர் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். '8கே', '2.1' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது சான்று ஆகாது.

நீளமும் கணக்கில் வரும். 2 மீட்டர், 3 மீட்டர் வரை சாதாரண செம்புக் கேபிள் கவலையில்லாமல் ஓடும். சுவரைச் சுற்றி 8, 10 மீட்டர் இழுக்க வேண்டும் என்றால் ஒளியாக சிக்னலை அனுப்பும் ஆப்டிகல் வகை எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. கன்சோலில் மாட்டும் முனையில் 'சோர்ஸ்', டிவியில் மாட்டும் முனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படம் வராது. சுவருக்குள் விடுவதற்கு முன் ஒருமுறை வெளியிலேயே மாட்டிப் பாருங்கள்.

சரி, டிவிக்கு வருவோம். மிச்சம் பிடித்த காசு போக வேண்டிய இடம் இதுதான்.

முதலில் கேட்க வேண்டியது, பேனல், அதாவது திரை, நிஜமாகவே 120 ஹெர்ட்ஸா (நொடிக்கு 120 முறை படம் காட்டுமா) என்பது. அட்டையில் 'மோஷன் 240' என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கும்; அது விளம்பரப் பெயர், உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல் இருக்கலாம். 'நேட்டிவ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அடுத்து, எத்தனை போர்ட்டுகள் 120 ஹெர்ட்ஸை ஏற்கும்? நான்கு போர்ட் இருக்கும் பல டிவிகளில் இரண்டுதான் ஏற்கும், அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பார் மாட்டும் இஏஆர்சி போர்ட்டாக இருக்கும். சவுண்ட்பாரும் இரண்டு கன்சோலும் உள்ள வீட்டில் இது பெரிய தலைவலி. வாங்கும் முன்பே டிவியின் பின்புறத்தைப் பாருங்கள், பல டிவிகளில் போர்ட் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) என்று அட்டையில் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. 300 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் தரும் டிவியில் எச்டிஆரைப் போட்டால் பல நேரம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே இருக்கும். அப்படிப்பட்ட டிவி என்றால் கன்சோலில் எச்டிஆரை அணைத்துவிடுங்கள், படம் நன்றாக இருக்கும். ஓலெட் வகைத் திரையில் கறுப்பு என்றால் கறுப்புதான், ஒவ்வொரு புள்ளியும் தானே அணைந்துவிடும். ஆனால் ஒரே விளையாட்டை நாள் முழுக்க, மாதக் கணக்கில் ஆடுபவர் என்றால் மூலையில் அசையாமல் நிற்கும் வரைபடமும் ஆட்டக்காரரின் உயிர் அளவைக் காட்டும் கோடும் திரையில் தடம் பதிக்கும் வாய்ப்பு உண்டு. பகலில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் கூடம் என்றால், பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் நிறைய வைத்த மினி எல்ஈடி திரை நல்லது.

அளவைப் பற்றி ஒன்று. வாடகை வீடு, அடிக்கடி மாறுவோம் என்ற நிலையில் பெரியதாக வாங்கிச் சிரமப்படாதீர்கள். 55 அங்குல டிவி கிட்டத்தட்ட 122 சென்டிமீட்டர் அகலம். சோபா 2 மீட்டர் தூரத்தில் இருந்தால் அது தாராளம். டிவி வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாக்கோலையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த வீட்டுக்கு மாறும்போது அதற்கு ஈடு எதுவும் இல்லை.

டிவி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது: கன்சோல் மாட்டிய அந்தப் போர்ட்டுக்கு 'என்ஹான்ஸ்ட்', 'டீப் கலர்', 'இன்புட் சிக்னல் பிளஸ்' போன்ற ஒரு பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, போர்ட்டுக்குப் போர்ட் தனித்தனியாகப் போட வேண்டும். இது அணைந்திருந்தால் பல டிவிகளில் 4கே எச்டிஆர், 120 ஹெர்ட்ஸ் இரண்டும் கிடைக்காது. அப்புறம் 'கேம் மோட்'. மற்ற மோட்களில் டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொரு காட்சியையும் (ஃபிரேம்) பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவே 100 மில்லி நொடி வரைகூட ஓடிவிடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கு 16.7 மில்லி நொடிதான் என்பதால், ஆறு காட்சி பின்னால் நின்று ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். கேம் மோட் போட்ட அன்று என் கைக்கு அது உடனே தெரிந்தது. பல மாதமாகத் தவறவிட்ட தாவல்கள் எல்லாம் சரியாக விழுந்தன.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கன்சோலிடமே கேட்கலாம். பிஎஸ் 5-இல் வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்தில் 3840x2160, எத்தனை ஹெர்ட்ஸ், எச்டிஆர் உண்டா என்று எழுதியிருக்கும். எக்ஸ்பாக்ஸில் '4கே டிவி டீடெய்ல்ஸ்' பக்கம் எது முடியும், எது முடியாது என்று வரிவரியாகக் காட்டும். நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

பழைய கன்சோலைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிஎஸ் 2, நின்டெண்டோவின் வீ (Wii) இரண்டுக்கும் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளில் மஞ்சள் ஒற்றைக் கம்பியில் வெளிச்சமும் நிறமும் கலந்து போகிறது, அதனால்தான் எழுத்தின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் கேபிளை மாட்டினால் அந்த ஊர்தல் நின்றுவிடும். கேபிளை மாற்றினால் கண்ணுக்குத் தெரிந்து படம் மாறும் என்பது இந்தக் கன்சோல்களுக்கு முழு உண்மை.

ஆனால் பழைய டிவி முறைகள் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் 'பால்' (PAL) முறை, நொடிக்கு 50 முறை படம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் 'என்டிஎஸ்சி' (NTSC) முறை, நொடிக்கு 60. பால் நாட்டுக் கன்சோலை என்டிஎஸ்சி நாட்டு டிவியில் மாட்டினால் படம் உருளும், கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது வரவே வராது. காம்பொனென்ட் நிறப் பிரச்சினையைத் தீர்க்கும், 50-ஐத் தீர்க்காது. அதற்கு 50-ஐ 60 ஆக்கும் நல்ல மாற்றி தேவை.

மின்சாரமும் அப்படித்தான். சில நாடுகளில் 110, 120 வோல்ட், சிலவற்றில் 220, 230. கன்சோலையோ டிவியையோ சுவரில் சொருகும் முன் பின்புறம் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்து லேபிளைப் படியுங்கள். '100-240' என்று இருந்தால் பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால், அது நீங்கள் இருக்கும் நாட்டின் எண் இல்லை என்றால், அதைச் சொருகவே சொருகாதீர்கள்.