இறால் வறுவல் ரப்பராகிறது, தண்ணீரும் விடுகிறது: உதவி வேண்டும்

புதுவயல் மகள்:
அவசரம். அப்பாவுக்கு எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறேன். அரை மணி நேரத்தில் இறால் வறுவல் முடித்துவிடலாம் என்று மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் சட்டி நிறையத் தண்ணீர், இறால் ரப்பர். அப்பா ஒன்றும் சொல்லாமல் மென்று விழுங்குகிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. எங்கே தவறு?

தொண்டிக் கடல்:
எவ்வளவு இறால்? அன்று பிடித்ததா, ஐஸில் கிடந்ததா? எந்தச் சட்டி? எத்தனை நிமிடம்? இவை தெரியாமல் என்ன சொல்வது?

நெற்குப்பை:
பண்ணையில் வளர்த்த வன்னாமி இறால் வாங்கியிருப்பீர்கள். அது அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரை இனம். 2009-இல்தான் இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. கடல் இறால் வாங்குங்கள், சரியாகிவிடும்.

தொண்டிக் கடல்:
இனத்தின் மேல் பழி போடாதீர்கள். வன்னாமியும் பக்குவமாக வேகும்.

அம்மியும் குழவியும்:
அடிப்படை தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தால் இப்படித்தான். பல முறை எழுதிவிட்டேன்: பொட்டலப் பொடி உதவாது. சோம்பு, மிளகு, வரமிளகாய், கல்பாசி வறுத்து அம்மியில் அரையுங்கள். பிறகு கேள்வி கேட்கலாம்.

தேவகோட்டை ஆச்சி:
இறாலுக்குக் கல்பாசியா? எங்கள் வீட்டில் கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும்தான் போடுவோம். இறாலின் இனிப்பை அது அமுக்கிவிடும். சோம்பு, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை போதும்.

அம்மியும் குழவியும்:
கல்பாசி இல்லாமல் செட்டிநாட்டு வறுவல் என்று சொல்லக்கூடாது, ஆச்சி.

தேவகோட்டை ஆச்சி:
கடைப் பலகையில் எழுதியிருப்பது வேறு, வீட்டு அடுப்படி வேறு. என் மாமியார் கல்பாசியைக் கிள்ளித்தான் போடுவார், அதுவும் கறிக்குழம்புக்கு.

புதுவயல் மகள்:
உரித்தது அரை கிலோ, ஐஸ் இறால். காலையிலேயே உப்பு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு பிசறிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போவேன். சின்ன வாணலி, மூடி போட்டுப் பதினைந்து நிமிடம். வேகாமல் போய்விடுமோ என்ற பயம்.

தொண்டிக் கடல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், தங்கச்சி. பத்து மணி நேரம் எலுமிச்சையில் கிடந்தால் சதை அப்போதே இறுகிவிடும். உப்பு நீரை இழுத்துவிடும். மிச்ச நீரைப் பதினைந்து நிமிடச் சூடு பிழிந்துவிடும். ஆவி மூடியில் பட்டு மீண்டும் சட்டியிலேயே விழும்.

காலையில் ஐஸ் இறாலைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வெறுமனே வையுங்கள். மாலையில் முதுகு நரம்பை எடுத்துக் கழுவி, துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். அகலமான இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு. ஒரு தக்காளி. மசாலா சுருண்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கிவிட்டு, கடைசியில்தான் இறால், உப்பு. மூடவே கூடாது. பெரிய தீ. அரை கிலோவை இரண்டு முறையாகப் போடுங்கள். நடுத்தர இறாலுக்கு மூன்று நிமிடம். சாம்பல் நிறம் முழுக்க மாறி, பிறைபோல வளைந்தால் வெந்துவிட்டது. வளையம்போலச் சுருண்டால் கைமீறிப் போயிற்று. இறக்கியபின் மிளகுத்தூளும் எலுமிச்சையும்.

நெற்குப்பை:
இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம் அல்லவா? அப்பாவுக்கு ஆகுமா?

தொண்டிக் கடல்:
வெந்த இறால் 100 கிராமில் ஏறத்தாழ 190 மில்லிகிராம் உண்டு. ஆனால் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் 24 கிராம் அளவில். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர் மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மியும் குழவியும்:
கல்பாசியைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுவயல் மகள்:
செய்தேன். தண்ணீர் விடவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆச்சி, கல்பாசி போடவில்லை.