கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: அன்றாடப் பயன்பாட்டில் கண்டவை

இரவில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப் 2 சர்க்கரை நோயாளி என்ற முறையில் இதை எழுதுகிறேன். சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து திரையில் காட்டும் இந்தச் சென்சாரை வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, அது காட்டும் எண் குளுக்கோமீட்டரோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். அச்சு அசலாக ஒத்துப்போகாது. விரலில் குத்தி அளப்பது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை; மேற்கையின் பின்புறம் தோலுக்கடியில் நிற்கும் மெல்லிய இழை அளப்பது செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தின் சர்க்கரையை. இரத்தத்தில் ஏறியது அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் வரை ஆகும். ஆகவே சாப்பிட்ட கையோடு இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுக் கருவி சரியில்லை என்று சொல்வது நியாயமன்று. உணவுக்கு முன், சர்க்கரை போகும் திசையைத் திரையில் காட்டும் அம்புக்குறி ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் நேரத்தில் ஒப்பிட வேண்டும். ஒட்டிய முதல் நாளின் எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது திரையில் ஓடும் கோடுதான். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் 220ஐத் தொட்டு, இரண்டாவது மணி நேரத்தில் 160க்கு இறங்கிவிடும். ஆய்வகத்தில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. பொங்கல் வேறு மாதிரி: நெய் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் மெதுவாக ஏறி, மதியச் சாப்பாடு வரைக்கும் இறங்க மறுக்கிறது.

இரவுக்கோடு இன்னும் முக்கியம். வெறும் வயிற்றில் 150க்கு மேல் வருகிறதே என்று மருத்துவர் இன்சுலினைக் கூட்ட எண்ணியிருந்த சமயம் அது. கோட்டைப் பார்த்தால், இரவு 2 மணிக்கு 70ஐ ஒட்டி ஓடி, விடியற்காலை 4 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமலே ஏறியிருந்தது. கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அந்த வேளையில் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுவதால் வரும் ஏற்றம் அது என்று விளக்கிய மருத்துவர், அளவைக் கூட்டவில்லை. 2019இல் வெளியான சர்வதேச ஒப்புதல் அறிக்கைப்படி நம் போன்றோர் பெரும்பாலானவர்களுக்கு நாளின் 70 விழுக்காட்டுக்கு மேலான நேரம் சர்க்கரை 70–180 என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். 70க்குக் கீழே போகும் நேரம் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு மருத்துவர், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையோடு இதையும் சேர்த்தே பார்க்கிறார்.

ஆனால் இரவில் அலறும் தாழ்நிலை எச்சரிக்கை எல்லாமே உண்மையல்ல. சென்சார் இருக்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால், அந்த இடம் அழுந்தி, திரவ ஓட்டம் குறைந்து, 55 என்றெல்லாம் காட்டும். வியர்வையோ படபடப்போ இல்லாமல் அப்படி ஒரு எண் வந்தால், புரண்டு படுத்துவிட்டு விரலில் ஒருமுறை குத்திப் பார்ப்பது என் வழக்கம். சென்சார் வந்துவிட்டது என்று ஸ்ட்ரிப்புகளைத் தூக்கிப் போட முடியாது.

நம் பக்கத்துப் பழக்கங்களும் கணக்கில் வர வேண்டும். எண்ணெய்க் குளியல் அன்று கையில் எண்ணெய் வழிந்தால் ஒட்டும் பட்டையின் ஓரம் பெயர ஆரம்பிக்கும். அந்தக் கைக்கு மட்டும் எண்ணெய் தேய்க்காமல் விடுவதைத் தவிர வழியில்லை. மாத்திரை மட்டும் எடுக்கும் என் அத்தைக்கு வேறு சிக்கல்: ரவிக்கைக் கை முடியும் இடமும் சென்சாரின் விளிம்பும் ஒன்றாக அமைந்து, ரவிக்கை மாற்றும்போதெல்லாம் சிக்கியது. ஒட்டுமுன் ரவிக்கையை அணிந்து இடத்தைக் குறித்துக்கொண்டால் இது வராது.

சத்து மாத்திரை எடுப்பவர்கள் கையேட்டைப் படிப்பது நல்லது. லிப்ரே 2 என்ற வகைச் சென்சார் அணிந்தவர் நாளொன்றுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டக்கூடும். டெக்ஸ்காம் ஜி6 என்ற இன்னொரு வகையில் ஹைட்ராக்சியூரியா மருந்து அதே குழப்பத்தைச் செய்யும்.

செலவு என்று பார்த்தால், இன்சுலின் போடுபவர்கள், இரவில் சர்க்கரை தாழ்பவர்கள் தொடர்ந்து அணிவதில் பொருள் இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு, எந்த உணவு என்ன செய்கிறது என்று அறிய ஆண்டுக்கு ஓரிரு முறை போதும் என்பது என் கருத்து. அத்தை இரண்டாவது சென்சாரை வேண்டாம் என்றுவிட்டார். “நாள் முழுக்க இதையே பார்த்துக்கிட்டிருந்தா சோறு இறங்குமாப்பா?” என்று கேட்டார், அதுவும் நியாயமான காரணம்தான்.

அவருக்குப் பட்டை இருந்த இடத்தில் சிவந்து அரிப்பும் இருந்தது. பசையிலுள்ள அக்ரிலேட் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று தோல் மருத்துவர் சொன்னார். இதே தொல்லை வந்தும் தொடர்ந்து அணிபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.