தம்பி அழுத வீடியோவைப் போட்டது தப்பா?

தாமிரபரணிக்கரை:
என் தம்பிக்கு 14 வயசு. ஆட்டிசம். பேச்சு வராது, வேணுங்கிறதைப் படஅட்டையில காட்டிக் கேப்பான். மூணு வருசமா அவனைப் பத்தி இன்ஸ்டாகிராம்ல பக்கம் நடத்துறேன். ஒரு நாள் பஸ்ல ஹாரன் சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்டுக் கத்துனான். "புள்ளைய வளக்கத் தெரியாதா"ன்னு எங்கம்மாவைக் கேட்டாங்க. அம்மா அடுத்த ஸ்டாப்புலயே எறங்கி அவனை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. பக்கம் தொடங்குனது அதுக்கப்புறம்தான். இந்த ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு நாளுக்கு, அவன் வீட்டுல அப்படிக் கத்தி அழுத வீடியோவைப் போட்டேன். எடுத்துருங்கன்னு இங்க சிலர் எழுதுறீங்க. அந்த பஸ்ல இருந்தவங்க இதை முன்னாடியே பாத்திருந்தா அம்மாவை அப்படிக் கேட்டிருப்பாங்களா?

கூடல்நகர்:
எடுக்கச் சொன்னதுல நானும் ஒருத்தன். எங்க அண்ணனுக்கும் ஆட்டிசம், 31 வயசு. தங்கச்சி, நீங்க 14 வயசுல தரையில பொரண்டு அழுததை வீட்ல ஒருத்தர் படம் பிடிச்சு ஊருக்குக் காட்டியிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா? தம்பிக்குப் பேச்சு இல்லைங்கிறதால அவன்கிட்ட கேக்கவே வேண்டாம்னு ஆயிடாது.

பூச்செடி:
நான் இவங்க பக்கம்தான். என் மகனுக்கு 5 வயசு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்துல இருக்கிற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணுன்னு எனக்குச் சொன்னது இந்தப் பக்கம். யுடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நிரமயாங்கிற மருத்துவக் காப்பீட்டுல வருசம் 1 லட்சம் வரைக்கும் உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான முட்டுக்காட்டு தேசிய நிறுவனம், எல்லாம் இங்க படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவரைக்கும் கோயில் கோயிலா அலைஞ்சுட்டு இருந்தோம்.

கூடல்நகர்:
அக்கா, அந்தப் பதிவை நானும் சேமிச்சு வெச்சிருக்கேன். அதுல தம்பியோட முகமே இல்லையே.

பூச்செடி:
சரிதான். ஆனா என் மகன் அமைதியா ரயில் பாக்குற போட்டோவைக் காட்டினா, "நல்லாத்தானே இருக்கான், நீதான் பயப்படுற"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் படுறதை அவங்க எப்பத்தான் பாக்குறது?

சிறப்பாசிரியர்:
பதினொரு ஆண்டுகளாக இக்குழந்தைகளோடு இருக்கிறேன். அந்த வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்தேன். "ஐயோ பாவம்" என்பவைதான் அதிகம். நடுவே, உயிரணுக்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சையால் குணமாகும் என்று தொலைபேசி எண்ணோடு இருவர். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. தடுப்பூசியால் வந்தது என்று ஒருவர். அப்படி ஐயம் கிளப்பிய 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. சகோதரி, பரிதாபம் கூடுகிற இடத்துக்கு வியாபாரி தானாக வந்துவிடுகிறான். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

தாமிரபரணிக்கரை:
அந்த ரெண்டு கமெண்டையும் அழிச்சுட்டேன் சார். ஆனா அழுகையைக் காட்டாம, தாங்க முடியாம இப்படி வெடிச்சுக் கத்துற மெல்ட்டவுன்னா என்னன்னு எப்படிப் புரிய வைக்க?

கூடல்நகர்:
அழுகைக்கு முன்னாடி நடந்ததைக் காட்டுங்க. எங்க அண்ணனுக்கு மிக்ஸி சத்தம் ஆகாது. மிக்ஸிகிட்ட ஃபோனை வெச்சுப் பதிவு பண்ணி, ஹெட்ஃபோன்ல முழு சத்தத்துல சித்தப்பாவைக் கேக்க வெச்சேன். பத்து செகண்டுல கழட்டிட்டாரு. "இவனுக்கு எப்பவுமே இப்படியா?"ன்னு கேட்டாரு. அதுவரை அண்ணனுக்குத் திமிருன்னுதான் சொல்லிட்டு இருந்தவரு.

தாமிரபரணிக்கரை:
நேத்து ராத்திரி அந்த வீடியோவைத் திரும்பப் பாத்தேன். கடைசியில தம்பி உள்ளங்கையை வெச்சு கேமராவை மூடுறான். போடும்போது அந்த இடத்தை வெட்டிட்டுத்தான் போட்டேன், படம் இருட்டாயிருச்சேன்னு. அவன் வேண்டாம்னு சொன்னதைத்தான் வெட்டியிருக்கேன். வீடியோவைப் பக்கத்துல இருந்து எடுத்துட்டேன். பக்கத்தை மூட மாட்டேன். அவன் ரயில் பாக்குற வீடியோவும் இருக்கும், அதை அவனே என் ஃபோனைப் பிடுங்கித் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கான்.

பூச்செடி:
எடுத்தது எனக்கு வருத்தம்தான். அதைக் காட்டித்தான் என் மாமியாருக்குப் புரிய வெச்சேன்.

கூடல்நகர்:
நன்றி தங்கச்சி. ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு அந்த வீடியோ இன்னைக்குக் காலையில வந்துச்சு. உங்க பக்கத்தோட பேர் இல்ல. மேல "இந்தப் பிள்ளைக்காகப் பிரார்த்திப்போம்"னு எழுதியிருக்கு.

தாமிரபரணிக்கரை:
அனுப்புனது யாருன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே. ஒவ்வொருத்தரா நானே பேசி அழிக்கச் சொல்லுதேன்.